பாப்பான், எண் 74

ஈப்போவின் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையைப் பெரியவர்கள் இன்னும் புரூஸ்டர் ரோடு என்றுதான் சொல்வார்கள். 1926-இல் அங்கே டாக்டர் ஏ. சி. காத்திகாசு ஒரு கிளினிக் திறந்தார். தாதியும் மருத்துவச்சியுமான மனைவி சிபிலும் அவரோடு சேர்ந்துதான் அதை நடத்தினார். சிபில் கண்டோனீஸ் சரளமாகப் பேசுவார். சீன நோயாளிகளுக்கு அதுவே பாதி மருந்து.

1941 கடைசியில் ஜப்பானியர் வந்தார்கள். குடும்பம் ஈய லம்பங்கள் சூழ்ந்த பாப்பான் ஊருக்குப் போனது. பிறகு கணவர் ஈப்போவுக்குத் திரும்பி வைத்தியம் பார்க்க, பாப்பானில் 74-ஆம் எண் மருந்தகம் சிபிலின் பொறுப்பானது. தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) என்றாலே ஆண்தான் என்றிருந்த காலம் அது!

பகலில் ஊர்க்காரர்கள். இரவில், பின்வாசல் வழியாகக் காயத்தோடு வரும், ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் போராளிகள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் இரு தரப்புக்கும் மருந்து வேண்டும், ஒரு தரப்பின் ரகசியம் மறு தரப்புக்குத் தெரியவும் கூடாது. இவரை வீராங்கனை என்றே எல்லாரும் சொல்கிறோம். எனக்கென்னவோ அந்த நிர்வாகத் திறமைதான் பெரிதாகப் படுகிறது. இதற்கிடையே ஒளித்துவைத்த வானொலியில் பிபிசி செய்தி வேறு!

1943-இல் பிடிபட்டார். கடும் சித்திரவதை. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. விடுதலைக்குப் பின் சிகிச்சைக்காக பிரிட்டன் சென்றவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் அங்கேயே காலமானார். அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1954-இல்தான் நூலாக வந்தன. ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.