இடித்த பிறகு எத்தனை வீடு மிச்சம்?

லண்டன் கவுன்சில் குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் திட்டம் எதுவானாலும், அதை எடைபோட ஒரே கணக்குப் போதும் என்பது என் கட்சி. எத்தனை மாடி எழுந்தது, எத்தனை மரம் நட்டார்கள் என்பதெல்லாம் அப்புறம். ஏற்கெனவே இருந்த குடும்பங்கள் கட்டக்கூடிய வாடகையில் எத்தனை வீடு மிஞ்சியது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

எலிஃபன்ட் அண்ட் காசில் பக்கம் இருந்த ஹேகேட் குடியிருப்பையே எடுத்துக்கொள்வோம். 1974-ல் கட்டி முடித்தது. ஏறத்தாழ 1,200 வீடுகள், பெரும்பாலும் கவுன்சில் வாடகைக்காரர்கள். 2014-க்குள் அத்தனையும் தரைமட்டம். அதே மண்ணில் 2,500 அளவில் வீடுகள் கட்ட 2013-ல் அனுமதி தந்தபோது, சமூக வாடகைக்கு, அதாவது கவுன்சில் வாடகையை ஒத்த குறைந்த வாடகைக்கு, ஒதுக்கியவை 100-ஐக்கூட எட்டவில்லை. ‘கால் பங்கு மலிவு வீடுகள் வைத்திருக்கிறோமே’ என்றது அந்த வட்டாரத்தின் சதர்க் கவுன்சில். வைத்தது உண்மைதான். ஆனால் அரசு விதிப்படி மலிவு வாடகை என்பது சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். லண்டன் சந்தையில் 80 சதவீதம் யாருக்கு மலிவு? கவுன்சில் வீட்டை வாடகைக்காரரே வாங்க வழிவிட்ட 1980-ம் ஆண்டுச் சட்டப்படி தம் வீட்டைச் சொந்தமாக வாங்கியிருந்தவர்களில் பலருக்கும், கிடைத்த இழப்பீட்டில் அதே வட்டாரத்தில் இன்னொரு வீடு வாங்க வழியில்லை. நகரத்தின் ஓரத்துக்குப் போனார்கள்.

‘அரசு மானியம் வற்றிவிட்டது, தனியாருக்கு விற்காமல் எப்படிக் கட்டுவது?’ என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஹேகேட் நிலம் 50 மில்லியன் பவுண்டுக்குப் போனது. குடியிருந்தவர்களைக் காலி செய்யவே ஏறத்தாழ 44 மில்லியன் செலவானதாக அப்போது செய்தி வந்தது. இது எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ளாத வியாபாரம்.

‘கட்டடமே பழுது, ஒழுகுகிறது, குற்றம் பெருகுகிறது’ என்பது அடுத்த வாதம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? இடிக்காமலும் சரிசெய்யலாம். பிரான்சின் போர்தோ நகரில் 1960-களின் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள், 530 வீடுகள். லகாத்தோன், வசால் ஆகிய கட்டடக் கலைஞர்கள் தம் கூட்டாளிகளோடு, இடிக்காமல், குடியிருந்தவர்களை வெளியேற்றாமல், ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் கண்ணாடி அடைத்த அகலமான தாழ்வாரம் சேர்த்தார்கள். 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருது அதற்குத்தான் கிடைத்தது.

‘கிரென்ஃபெல் கோபுரமும் புதுப்பித்த கட்டடம்தானே?’ என்று கேட்பீர்கள். ஆம்; லண்டனின் அந்தக் கோபுரத்தில் 2017-ல் மூண்ட தீயில் 72 பேர் மாண்டார்கள். சுவரில் எரியக்கூடிய பலகை பொருத்தினார்கள்; தீ ஆபத்து இருக்கிறது என்று குடியிருந்தவர்கள் எழுப்பிய குரல் காதில் ஏறவில்லை. அது புதுப்பித்ததன் குற்றமல்ல, குடியிருப்பவரைக் கேளாததன் குற்றம்.

2018 முதல், லண்டன் மேயரின் நிதி பெற்று இடித்துக் கட்டும் பெரிய திட்டங்களுக்குக் குடியிருப்போர் வாக்கெடுப்பு கட்டாயம். அந்த நிதி வேண்டாம் என்பவர்களுக்கு இந்த விதி இல்லை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். உங்கள் கதவுக்கும் வாக்குச்சீட்டு வரலாம். அதற்கு முன் கவுன்சில் தரும் உறுதிமொழிப் பத்திரத்தை, படம் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். திரும்பி வரும் உரிமை, வாடகை, வீடுகளின் எண்ணிக்கை மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ‘வேண்டாம்’ என்று வாக்களியுங்கள்.