பெயர்ப்பலகைக்குப் பின்னால் பத்து வெள்ளி

வழக்கமாக ஒலிவாங்கியை நீட்டி மற்றவர்களைப் பேச வைப்பது என் வேலை. இன்று என்னை மாட்டி விட்டுவிட்டார்கள். 'சாலைப் பெயரில் என்ன இருக்கிறது?' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு.

சில மாதங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்காகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தோம். மோனோரெயில் நிலையத்தின் பெயர் துன் சம்பந்தன். பக்கத்தில் ஓடும் பெரிய சாலைக்கும் அதே பெயர். பூக்கடை ஓரமாக நின்று, "துன் சம்பந்தன் யார்?" என்று இளைஞர்களிடம் கேட்டேன். "பழைய அமைச்சர்" என்றார் ஒருவர். "கோயில் கட்டினவரா அக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள் ஒரு கல்லூரி மாணவி. சிரிக்காதீர்கள். ஊடகத்துறையில் டிப்ளோமா வாங்கிய நானும் வேலைக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

அந்தச் சாலைக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை என்றுதான் பெயர். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீ தின்றது. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. பலகையும் அத்தாப்பும் இனி வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று ஆங்கிலேய நிர்வாகம் சொன்னது. செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆனது. பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு நம்மவர்கள் வந்தார்கள். 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் இன்றும் அந்தச் சாலையில்தான் நிற்கிறது. ஆக, பழைய பெயர் செங்கல்லின் பெயர். புதிய பெயர் யாருடையது?

சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர் வீ. தி. சம்பந்தன். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர். அமைச்சராகவும் இருந்தார். அவருடைய அரசியலைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு, அதை வேறொரு நாள் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது 1960ஆம் ஆண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். நிலம் கைமாறினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். நம் நெகிரி செம்பிலானும் இதற்குத் தப்பவில்லை.

அப்போது அவர் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு நூறு வெள்ளி. பால்வெட்டுத் தொழிலாளியிடம் நூறு வெள்ளிக்கு எங்கே போவது? மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். அமைச்சரும் அவர் துணைவியார் தோ புவான் உமாவும் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர் என் பாட்டி. விடியுமுன் பெரட்டுக்கு நின்றால், நாள் முடிவில் மூன்று வெள்ளி தேறுவதே பெரிது என்பார். அதில் மாதம் பத்து! "உங்க தாத்தாவுக்குத் தெரியாம கட்டினேன்டி" என்று பாட்டி சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோழி வளர்த்து, முட்டை விற்றுக் கட்டினாராம். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது ரசீதுகள் தகரப் பெட்டியோடு எங்கோ தொலைந்துவிட்டன.

போன தீபாவளிக்குப் பாட்டியை அந்தச் சாலைக்கு அழைத்துப் போனேன். பெயர்ப்பலகையைக் காட்டிப் படித்துச் சொன்னேன். சற்று நேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுல நம்ம காசும் இருக்குடி" என்றார். பாட்டியின் காசில் சாலை போடவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெயருக்கு அப்படி ஒரு கனம் வந்தது இந்த மாதிரிக் கிழவிகளால்தானே?

பலகையில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவர் யார், எதற்காகப் பத்து வெள்ளி கேட்டார் என்று கீழே இரண்டு வரி எழுதி வைத்தால் மாநகராட்சிக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

இந்த அரங்கில் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்தப் பத்து வெள்ளி ரசீது ஒன்றாவது கிடைத்தால் எடுத்து வாருங்கள். வாங்கிக்கொள்ள மாட்டோம். படம் மட்டும் பிடித்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம்.