அவள் எந்தச் சாதி?

அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆய்வேட்டுக்காகப் படிப்பதையெல்லாம் சொன்னால் தூங்கிவிடுவீர்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பெருமாள்முருகனின் ‘பூக்குழி’. 2013இல் வந்த நாவல்; தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இன்னொன்று, அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’. 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதிய உரை. அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்ததால், பேசப்படாமலே அச்சேறியது.

‘பூக்குழி’யில் சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான். நம்ம சாதிதான் என்று சொல்லிப் பார்க்கிறான். ஊர் நம்பவில்லை. அவள் நிறத்திலும் பேச்சிலும் சாதியைத் தேடுகிறது. நாவல் கடைசிவரை சாதிப் பெயரைச் சொல்வதில்லை. இதைப் படித்த நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்டது, “அவ எந்தச் சாதி தோழர்?” ஊர் கேட்ட அதே கேள்வி! (வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும், “நீங்க சைவமா?” என்பதும் அதே கேள்விதான்.) ஆனாலும் பெயரை மறைத்ததில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆணவக் கொலைச் செய்திகளிலும் ‘குறிப்பிட்ட சமூகம்’ என்றுதான் எழுதுகிறார்கள். கொல்லும் சாதிக்கு அது வசதி.

என்னை அதிகம் தொந்தரவு செய்தவள் மாமியார் மாராயி. கணவனை இழந்து, ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். மருமகள் காதில் விழ ஒப்பாரி வைத்துத் தீர்க்கிறாள். அவளை வில்லி என்று ஒதுக்க முடியவில்லை. சாதியைக் கடைப்பிடிப்பவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, மதப்பற்றால் அப்படிச் செய்கிறார்கள். சாத்திரங்களின் புனிதத்தைத்தான் உடைக்க வேண்டும் என்கிறார் அம்பேத்கர். மாராயி எந்தச் சாத்திரத்தையும் படித்தவளில்லை. அவளுக்கு ஊர்தான் சாத்திரம். கோயில் திருவிழாவுக்குத் தீட்டு என்று குடும்பத்தையே ஒதுக்கிவைக்கும் ஊர். நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டார்களே என்ற பயம்.

கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் எழுதியதைப் பல மேடைகளில் சொல்கிறோம். நம்பிக்கையை உடைக்காமல் மணத்தை மட்டும் வலியுறுத்துவது வலிய ஊட்டுவது போன்றது என்று அவரே எழுதியதைத் தாண்டிவிடுகிறோம். ‘பூக்குழி’யில் மருந்தைக் குடித்தது இரண்டு இளைஞர்கள், ஊருக்கு நாக்குகூடக் கசக்கவில்லை. அப்படியானால் மாராயியிடம் யார் போய்ப் பேசுவது? காதலித்துவிட்ட பிள்ளைகளுக்குக் காவல் நிலையம் வரை துணைக்குப் போகிறோம், சரி. அவர்கள் காதலிப்பதற்குப் பத்து வருடம் முன்பே அந்தத் திண்ணையில் போய் உட்கார நம்மில் யார் இருக்கிறோம்? இதற்கு என்னிடம் பதில் இல்லை; உங்களிடம் இருந்தால் கேட்கத்தான் வந்தேன்.

‘பூக்குழி’ பையில் இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம், திருப்பித் தருவதாக இருந்தால்.