கூண்டில் நிற்பவர் யார்?



டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலைத் தழுவி, பிரசன்ன விதானகே 1996-இல் ‘அனந்த ராத்திரிய’ என்னும் சிங்களப் படத்தை அளித்தார். ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைந்த சிறு படம். குற்றக் கூண்டில் நிற்பவள், அன்று தன் வீட்டில் வேலைக்கு நின்று தன்னாலேயே சீரழிந்த பெண் எனக் காண்கிறான், ஜூரியாய் அமர்ந்த சீமான். தீர்ப்பளிக்க வந்தவனே குற்றவாளி!

பூனாகலைப் பெருமக்களே! 2021-இல் கொழும்பில் வேலைக்கு நின்ற மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் மாண்டாள். கொதித்தோம், ஊர்வலம் போனோம். ஆனால், தரகருக்கு லயத்துக் கதவைத் திறந்தவர் யார்? படித்துயர்ந்த நம்மவர் அடுக்களையில் நிற்பவள் யார் மகள்?

நாம் ஜூரிகள் அல்லோம், கூண்டில் நிற்பவர்கள். கண்ணீர் கழுவாய் ஆகாது. அச்சிறுமியைப் பாடசாலைக்கு அனுப்புவதே கழுவாய்!