எவர்சில்வர் காரும் இருவாசல் ஆலையும்



திரைப்படக் கார்கள் என்றாலே நம் பிள்ளைகளின் கண்கள் விரிகின்றன. 1985-இல் வெளிவந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் டிலோரியன் கார் ஒன்று காலத்தையே கடந்து செல்லும். பின்புறம் குழாய்களும் கம்பிகளும் பொருத்தி, உள்ளே ஆண்டும் தேதியும் காட்டும் பலகை வைத்து, அதை மாற்றி அமைத்திருந்தார்கள். மணிக்கு 88 மைல் வேகத்தைத் தொட்டதும் அது 1955-ஆம் ஆண்டுக்குப் போய்விடும்!

மாற்றம் செய்யாத டிலோரியனே புதுமையான கார்தான். நம் சமையலறைப் பாத்திரங்களைப் போல அதன் மேற்பாகம் எவர்சில்வர். கதவுகளோ பறவையின் சிறகுபோல மேல்நோக்கித் திறக்கும்.

அதைச் செய்த கைகளை நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா?

வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் நகரை ஒட்டிய டன்மரியில் 1981-இல் இந்தக் காரின் உற்பத்தி தொடங்கியது. கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டினரும் ஒருவருக்கொருவர் அஞ்சி வாழ்ந்த காலம் அது. வேலையின்மை மிகுந்த அப்பகுதிக்கு, பிரிட்டிஷ் அரசு பெரும் பொருளுதவி தந்து இந்த ஆலையை வரவழைத்தது. ஒருபுறம் கத்தோலிக்கர் வாழ்ந்த ட்வின்புரூக். மறுபுறம் புரொட்டஸ்டண்டினர் குடியிருப்பு. அவரவர் பக்கத்து வாசல் வழியே வந்தவர்கள், உள்ளே ஒரே காரைச் சேர்ந்து செய்தார்கள். அவ்வாண்டு மே மாதக் கலவரத்தில் ஆலை வளாகத்தில் தீ வைக்கப்பட்டது. அதன் பின்னும் வேலை தொடர்ந்தது.

ஆனால் கார்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1982-இல் நிறுவனம் நொடித்துப்போனது. ஏறத்தாழ 9,000 கார்களோடு உற்பத்தி நின்றது. ஒரு கட்டத்தில் சுமார் 2,500 பேருக்குச் சோறு போட்ட ஆலை அது. படம் வந்து கார் உலகப் புகழ் பெற்றபோது, அதைச் செய்தவர்கள் வேலையிழந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

தலைமுறைப் பகையை ஓர் ஆலை தீர்த்துவிடாதுதான். ஆயினும் பக்கத்தில் நின்று வேலை செய்பவரைப் பகைவராகவே நினைத்துக்கொண்டிருப்பது எளிதல்ல. மாலை ஐந்து மணிக்கும் வேலையின்றி நின்றவர்களைத் தேடிப்போன திராட்சைத் தோட்ட உரிமையாளரை நாம் அறிவோம். ஒருவருக்கு வேலை கிடைப்பது வெறும் கூலி சார்ந்த காரியமன்று. அது அவரது மாண்பு, அண்டை வீட்டாரின் அமைதி.

ஆகவே, பிள்ளைகள் ஒரு காரை வியக்கும்போது, அதைச் செய்தவர்களைப் பற்றியும் கேட்கக் கற்றுக்கொடுப்போம். வேலையிழந்தவர் எந்தச் சபையினர், எந்தப் பிரிவினர் என்று பாராமல், நமக்குத் தெரிந்த வேலையை அவருக்குச் சொல்வோம். பின்னோக்கிச் செல்லும் கார் திரையில் மட்டுமே உண்டு. நம் கையில் இருப்பது இன்றைய நாள்.

இறைவன் நம் உழைப்பை ஆசீர்வதிப்பாராக.