பிள்ளையின் மனமும் ஒரு பாடமே!

(கல்முனையில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை புள்ளி என்று நாம் பிள்ளையைக் கேட்கிறோம். அதன் மனத்தில் இன்று என்ன பாரம் என்று என்றாவது கேட்டதுண்டா? அச்சத்தை அடக்கவும், சினத்தை ஆளவும், பிறர் துன்பத்தை உணரவும் எந்த வகுப்பில் கற்பித்தோம்?

இக்கேள்வி இம்மண்ணுக்குப் புதியதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே காலையில் அழுதன. தாயை இழந்த பிள்ளை மீண்டும் வகுப்பில் வந்து அமர்ந்தது, கரும்பலகையைப் பார்த்தது, எழுத்து அதன் கண்ணில் ஏறவில்லை. அதைக் கவனமில்லாத பிள்ளை என்றது உலகம். அன்று ஆசிரியரும் உற்றாரை இழந்து நின்றவரே. அவரைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால், அன்று பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று முப்பதைக் கடந்த தாய், தந்தை! தன் துயரத்தைச் சொல்லச் சொற்கள் பெறாதவர், தம் பிள்ளைக்கு எச்சொற்களைக் கொடுப்பார்?

அலையோடு துயரம் நின்றதா? 2009 வரை போர். 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் சிறுவர் உட்படப் பலர் மடிந்தனர். பிழைப்புக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்ற தாயை நினைத்து ஏங்கும் பிள்ளைகளும் நம்மிடையே உளர்.

“அடியாத மாடு படியாது” என்பார் சிலர். உழவர் தோழர்களே, உங்களையே கேட்கிறோம்: மிரண்ட மாடு நேரே சால் ஓட்டுமா? அஞ்சிய பிள்ளை அடிக்குத் தப்பும் வழியைத்தான் தேடும், பாடத்தைத் தேடாது. பாடசாலையில் உடல் தண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே கூறிற்று. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. பிரம்பை ஒழித்தால் போதுமா? அவ்விடத்தில் எதை வைப்பது?

மூன்று பழக்கங்களை வைப்போம். முதலாவது, உணர்வுக்குப் பெயர் சொல்லப் பழக்குதல். “கோபமா, வெட்கமா, பயமா?” என்று கேட்டால், பிள்ளை தன்னைத் தானே அறியத் தொடங்கும். இரண்டாவது, செவிகொடுத்தல். காலையில் ஆசிரியர் ஐந்து நிமிடமும், இரவில் உம்மா, வாப்பா, அம்மா, அப்பா பத்து நிமிடமும் இடைமறியாது கேட்க வேண்டும். மூன்றாவது, பிழையைச் சீர் செய்தல். சண்டையிட்ட இருவரையும் நிறுத்தி, “என்ன நடந்தது? யாருக்கு நொந்தது? இனி எப்படிச் சரி செய்வாய்?” என்று கேளுங்கள். மருதமுனை நெசவாளர் பாவில் நூல் அறுந்தால் தறியை உடைப்பதில்லை. நூலை முடிந்து மேலே நெய்கின்றனர்.

இதனால் படிப்புக் கெடுமோ என்று அஞ்ச வேண்டா. 213 கல்வித் திட்டங்களில் 2,70,000 மாணவருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, அமெரிக்க அறிஞர்கள் 2011இல் முடிவு வெளியிட்டனர். இப்பயிற்சி பெற்றோரின் ஒழுக்கம் மேம்பட்டது. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவன் 11 இடம் முன்னேறும் அளவுக்குப் பாடத் தேர்ச்சியும் உயர்ந்தது.

ஆயினும், பாடசாலை விதைப்பதை வீடு மிதித்தால் விளைவேது? தந்தை சினத்தில் சோற்றுத் தட்டை எறிந்தால், பிள்ளை கற்பது அதையே. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் வாழும் கல்முனையில், எல்லைப் பூசல்களைப் பற்றி நாம் திண்ணையில் பேசும் கடுஞ்சொற்களும் பிள்ளையின் செவியில் விழுகின்றன. பெரியவர் வழக்கைப் பெரியவர் பேசித் தீர்க்கட்டும். பிள்ளைகளுக்குப் பகையை முதுசமாக எழுதிவைக்க நமக்கு உரிமையில்லை!

ஆகவே, பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களை வேண்டுகிறோம். கட்டிடத்துக்கும் மதிலுக்கும் கூடும் கூட்டத்தில் பிள்ளையின் மனத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் உள்ள பாடசாலையில் அவர் பணிக்கு நேரம் ஒதுக்குங்கள்; இல்லாத பாடசாலைக்குக் கேட்டுப் பெறுங்கள். அரசு தரும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே பிள்ளையை அருகில் அழைத்து, புள்ளியைக் கேளாது, மனத்தைக் கேட்போம். அதற்குப் பணம் வேண்டா. பொறுமை ஒன்றே வேண்டும். அதை ஈவோமாக!