நாய்க்குட்டி பிறக்கும் முன்னே



தோட்டப்புறங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. இரவில் வீட்டுக்குக் காவல், கொல்லையில் நட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டாமல் இருக்கக் காவல், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழன் என்று நம்மோடு ஒன்றி வாழும் பிராணி அது. ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்றால், அந்தச் செய்தி அன்று மாலைக்குள் லயம் முழுவதும் பரவிவிடும். "எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்" என்று சொல்லி வைப்பவர்கள் பலர். அல்சேஷன் கலப்பு, ராட்வைலர் கலப்பு என்றால் நல்ல விலைக்கு விற்பவர்களும் உண்டு.

ஆனால், குட்டி பிறப்பதற்கு முன்பே அதன் தாயையும் தந்தையையும் மிருக வைத்தியரிடம் கொண்டு சென்று சோதித்துப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? "நாய்க்கு எதற்கு இத்தனை சோதனை?" என்றுதான் பலரும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு உரிய விடையைத்தான் இன்றைய பேச்சில் நாம் காணப் போகிறோம்.

செம்பனைத் தோட்டத்தில் பாடுபடும் நமக்கு இந்த விஷயம் முற்றிலும் புதியதன்று. நாற்றுமேடையில் வளரும் செம்பனைக் கன்றுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே பச்சைப் பசேலென்று இருக்கும். எது நல்ல குலை தள்ளும், எது தள்ளாது என்பது நட்டு இரண்டரை, மூன்று ஆண்டுகள் சென்ற பிறகே தெரியும். அதனால்தான் தோட்ட நிர்வாகங்கள் கன்றின் அழகைப் பார்த்து நடுவதில்லை. கெட்டியான ஓடுள்ள டூரா என்னும் தாய் மரத்தையும், ஓடே இல்லாத பிசிபெரா என்னும் ஆண்வழி மரத்தையும் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சேர்த்துப் பெற்ற தெனேரா விதையையே வாங்குகின்றன. அந்தத் தெனேரா மரத்தடியில் பழம் உதிர்ந்து தானாக முளைக்கும் கன்றை நாம் களையென்று பிடுங்கி எறிகிறோம். பெற்றோர் மரம் இன்னதென்று தெரியாத கன்று நமக்கு வேண்டியதில்லை. ஒரு மரத்துக்கு இவ்வளவு கவனம் எடுக்கிற நாம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம் வீட்டு வாசலில் வாழப்போகும் நாய்க்கு அதில் ஒரு பங்காவது எடுக்க வேண்டாமா?

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இப்பழமொழி நாய்க்கும் பொருந்தும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இடுப்பு மூட்டு. அல்சேஷன், ராட்வைலர், லாப்ரடார் போன்ற பெரிய சாதி நாய்களுக்குப் பரம்பரையாக வரும் கோளாறு ஒன்று உண்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருக்கும். இளமையில் அந்த நாய் ஓடும், குதிக்கும். வெளிப் பார்வைக்குக் குறையே தெரியாது. வயது ஏற ஏற மூட்டு தேய்ந்து, படுத்தால் எழ முடியாமல், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடக்கும். பார்வைக்குத் தெரியாத இக்குறை எக்ஸ்ரே படத்தில் தெரிந்துவிடும். பிரிட்டனில் நாய்க்கு ஓர் ஆண்டு நிறைந்த பிறகு இந்தப் படம் எடுத்து, இரண்டு இடுப்புக்கும் சேர்த்து 0 முதல் 106 வரை புள்ளி கொடுக்கிறார்கள். புள்ளி எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்லது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாய் எலும்பியல் நிறுவனம், 2 வயது நிறைந்த பிறகே முடிவான சான்றிதழ் தருகிறது. பெற்றோர் இரண்டும் நல்லவையாக இருந்தாலும் குட்டிகளில் ஒன்றிரண்டுக்குக் குறை வரலாம்; தீனியும் வளர்ப்பும்கூட ஒரு காரணம். ஆயினும், நல்ல மூட்டுள்ள நாய்களை மட்டுமே இணை சேர்த்தால் ஆபத்து பெரிதும் குறைகிறது.

அடுத்தது, பெற்றோரிடம் ஒளிந்திருக்கும் குறை. பூடில், காக்கர் ஸ்பானியல், லாப்ரடார் ஆகிய சாதிகளில் கண்ணின் உட்திரை சிறிது சிறிதாகக் கெட்டு, கடைசியில் பார்வையே போய்விடும் நோய் ஒன்று உண்டு. இந்நோயின் கூறு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தால்தான் குட்டிக்குக் கண் கெடும். ஒன்று மட்டும் உள்ள நாய் ஆயுள் முழுவதும் நன்றாகவே பார்க்கும். ஆனால், அந்தக் கூற்றைத் தன் குட்டிகளுக்குக் கொடுக்கும். தெனேராவை மீண்டும் நினைத்துப் பாருங்கள். தெனேராவும் தெனேராவும் சேர்ந்து முளைத்த கன்றுகளில் சராசரியாக நாலில் ஒன்று டூராவாகவும், நாலில் ஒன்று பிசிபெராவாகவும் பிரிந்து போகும். அதே கணக்குத்தான் இங்கும். குறையை ஒளித்து வைத்திருக்கும் இரண்டு நாய்கள் சேர்ந்தால், சராசரியாக 4 குட்டிகளில் 1 குருடாகும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தோ, சிறிது இரத்தம் எடுத்தோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், இந்தக் கூறு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய நாய்களுக்கு முழங்கால் சில்லு இடம் நழுவும் குறை அதிகம். அதற்குப் பெரிய கருவிகூட வேண்டியதில்லை. அனுபவமுள்ள மிருக வைத்தியர் கையால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்.

தோட்டங்களில் நடக்கும் இன்னொரு தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே லயத்தில் வளரும் அண்ணனும் தங்கையுமான நாய்கள், தகப்பனும் மகளுமான நாய்கள் கூடிக் குட்டி போடுகின்றன. நெருங்கிய இரத்தத்தில் ஒளிந்திருக்கும் குறைகள் இப்படித்தான் ஒன்று சேர்ந்து வெளிப்படுகின்றன. குணமும் அப்படியே. காரணமில்லாமல் சீறிக் கடிக்கும் நாயை, "நல்ல காவல் நாய்" என்று மெச்சி இணை சேர்க்கக் கூடாது. அதன் குட்டியோடு விளையாடப் போவது ஒரு குழந்தை என்பதை நாம் மறக்கலாகாது.

பரம்பரைக் குறைகளைப் பார்த்தோம். இனி, ஒட்டுநோய்களைப் பார்ப்போம். இணை சேர்ப்பதற்கு முன் இரண்டு நாய்களுக்கும் இரத்தச் சோதனை செய்வது இதற்காகத்தான்.

நம் நாட்டு வெப்பத்தில் ஆண்டு முழுவதும் நாய்க்கு உண்ணித் தொல்லை. உண்ணி கடித்தால் வரும் காய்ச்சல், நாயின் உடலில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும். பிறகு ஒருநாள் மூக்கில் இரத்தம் வடிந்து நாய் வீழ்ந்துவிடும். 1960களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்களை இந்நோய் தாக்கியது. வியட்நாம் போரின்போது அமெரிக்க இராணுவ நாய்கள் நூற்றுக்கு மேல் இதனால் மாண்டன. அல்சேஷன் நாய்களை இது கடுமையாகத் தாக்கும் என்பதும் அப்பொழுது தெரிய வந்தது. இதைக் குணப்படுத்தும் மருந்தைக் கருவுற்ற நாய்க்குக் கொடுக்க வைத்தியர்கள் தயங்குவார்கள். ஆகவே, கரு உண்டாவதற்கு முன்பே சோதித்து மருந்து கொடுத்துவிடுவதே அறிவுடைமை.

கொசுவினால் பரவும் இருதயப் புழுவையும் இரத்தச் சோதனை காட்டிவிடும். ஓர் அடி நீளம் வரை வளரும் இந்தப் புழு, கொசு கடித்து ஏறத்தாழ 6 மாதங்கள் சென்ற பிறகே சோதனையில் தெரியும்.

புருசெல்லா என்னும் கிருமி இன்னும் பொல்லாதது. நாய்களுக்கே உரிய இக்கிருமி 1966இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. நாய்க்குக் கரு ஏறத்தாழ 63 நாள் தங்கும். இக்கிருமி இருந்தால், பார்வைக்கு நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நாய்க்குக்கூட ஏழாவது வாரத்தை ஒட்டிக் கரு கலைந்துவிடும். கடுவன் நாய்க்கு விதையில் வீக்கம் வரும். மருந்து கொடுத்தாலும் கிருமி முழுவதும் நீங்குமென்று நம்ப முடியாது. கலைந்த கருவையும் கழிவையும் வெறுங்கையால் தொடும் மனிதருக்கும் இது ஒட்டிக்கொள்ளலாம். லயத்து வாசலில் நாய்க்குக் கரு கலைந்தால், கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அருகே போகக் கூடாது.

இவை தவிர, இணை சேரும்போதே ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றிக்கொள்ளும் புற்றுக்கட்டி ஒன்றும் உண்டு. கேட்பாரற்றுத் திரியும் நாய்களிடையே இது சாதாரணம். பிறப்புறுப்பில் கட்டியோ இரத்தக் கசிவோ உள்ள நாயை இணை சேர்க்கவே கூடாது.

இத்தனையும் சரியாக இருந்து, குட்டிகளும் பிறந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். நம் பொறுப்பு அத்தோடு தீர்ந்ததா? இல்லை. உருண்டைப் புழு கருவிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடுகிறது. கொக்கிப்புழு பாலோடு வருகிறது. செருப்பில்லாமல் மண்ணில் விளையாடும் நம் பிள்ளைகளின் தோலுக்குள் அந்தக் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் நுழைந்து, அரிப்போடு கோடு கோடாகத் தடிக்கச் செய்யும். ஆகவே, குட்டிக்கு 2 வாரம் ஆனது முதல் 8 வாரம் வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வைத்தியர் சொல்லும் அளவில் புழு மருந்து கொடுக்க வேண்டும். தாய்க்கும் கொடுக்க வேண்டும்.

பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கான முதல் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் போட வேண்டும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை என 16 வாரம் வரை அதைத் தொடர வேண்டும். ஓர் ஊசியோடு நிறுத்திவிட்டால் பாதுகாப்பு முழுமை பெறாது. வெறிநாய்க் கடி நோயையும் நாம் மறந்துவிட முடியாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் அந்நோய் தலைகாட்டியது. இதற்குரிய தடுப்பூசியைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

எட்டு வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. அதற்குள் வைத்தியர் ஒருமுறை குட்டியின் இருதயத் துடிப்பு, கண், பல், தொப்புள் இவற்றையெல்லாம் பார்த்துவிட வேண்டும். கொடுத்த மருந்தும் போட்ட ஊசியும் தேதியோடு எழுதப்பட்ட அட்டை, குட்டியோடு போக வேண்டும். குறை உள்ள குட்டியென்றால் அந்தக் குறையையும் சொல்லியே கொடுக்க வேண்டும்.

குட்டியைக் கேட்டு வருபவரிடம் நாமும் சில கேள்விகளைக் கேட்கலாம். வீட்டில் வேலி உண்டா? எல்லாரும் வேலைக்குப் போனால் சோறு வைப்பது யார்? தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போக நேர்ந்தால் நாயை என்ன செய்வீர்கள்? ஊராட்சியில் லைசென்ஸ் எடுப்பீர்களா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. "வளர்க்க முடியாமல் போனால் சாலையோரம் விட்டுவிடாதீர்கள், எங்களிடமே கொண்டுவந்து விடுங்கள்" என்று சொல்லிக் கொடுப்பதே நல்ல மனிதருக்கு அழகு.

"இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்று தாய்மார்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனையும் நம் சம்பளத்துக்குச் சிறிய செலவல்ல. அதற்கு விடையும் நேரானதுதான். சோதனைக்கு வசதியில்லை என்றால் குட்டி போட விட வேண்டாம். ஒரு நாய் ஆண்டுக்கு இரண்டு முறைகூடப் பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு குட்டிகள் பிறந்தால், அவற்றுக்கு நல்ல வீடு எங்கே இருக்கிறது? ஒரே முறை கருத்தடை அறுவை செய்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. அறுவை செய்த நாய் காவல் காக்காது என்பது வீண் பேச்சு. உங்கள் மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்திலோ, பட்டணத்து மிருக வைத்தியரிடமோ இதைப் பற்றி விசாரிக்கலாம்.

நேயர்களே, குட்டியின் முகம் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகைப் பார்த்து மயங்கி, விலை கொடுத்து வாங்கிப் போகிறவர் நம்மைப் போன்ற ஓர் உழைப்பாளி. ஆறு மாதம் கழித்து அது நோயில் விழுந்தால், வைத்தியச் செலவுக்கு அவர் கடன் வாங்க வேண்டும்; அவருடைய பிள்ளை அழ வேண்டும். அந்தக் கடனையும் அழுகையையும் இன்னொரு வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. இனி யாராவது "குட்டி இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்டால், குட்டியைத் தூக்கிப் பார்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் தாய் தகப்பனைச் சோதித்தீர்களா?" அந்தக் கேள்வியைப் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால், குட்டி கொடுப்பவரும் விடை சொல்லத் தயாராகிவிடுவார்.